சுமைக்கு விட்ட இடம்

சுமை ஏற்றாத ஒரு பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அதன் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்றே தூக்கலாக நிற்பது தெரியும். அழகை விரும்பும் கண்ணுக்கு அது ஒரு குறை. குனிந்து நிற்கும் காளையைப் போல வண்டி மூக்கைத் தாழ்த்தி வாலை உயர்த்தியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இன்னும் வந்து சேராத சுமைக்காக வடிவமைப்பாளர் முன்கூட்டியே ஒதுக்கிவைத்த இடம் அது. மூட்டைகள் ஏறியதும் பட்டைகள் வளைந்து, பின்புறம் இறங்கி, வண்டி மட்டமாகிவிடும். வெறுமையாக நிற்கும்போது கோணலாகத் தெரிவது, வேலை செய்யும்போது நேராகிறது.

இந்தச் சிறிய உண்மையை நான் எந்தப் பொறியியல் வகுப்பிலும் கற்கவில்லை. என் ஆய்வு, பழைய திருவிதாங்கூரின் வழித்தடங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களைப் பற்றியது. காரியவட்டம் வளாகத்தில் நூலகம், வார இறுதிகளில் களப்பணி என்று போய்க்கொண்டிருந்த என் நாள்களுக்குள், சென்ற ஆண்டின் மழைக்காலத்தில், என் சித்தப்பா ஒரு பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். நேமத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். தோவாளையிலிருந்து பூவும், நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலிருந்து காய்கறியும் ஏற்றி வந்து, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இறக்குவது அவர் தொழில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய கடைத்தெரு அது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை களியக்காவிளையில் வந்து விழுந்த பிறகும், தமிழ்நாட்டுப் பூவும் காயும் அந்தத் தெருவுக்கு வருவது நின்றதில்லை.

அவர் வாங்கிய வண்டி விலை குறைவாகக் கிடைத்ததற்குக் காரணம், அது ‘இறக்கப்பட்ட’ வண்டி. முந்தைய உரிமையாளரான இளைஞர் ஒருவர், அதன் பின்புறத்தைத் தாழ்த்தும் உதிரித் தொகுதி ஒன்றை வீட்டு முற்றத்திலேயே பொருத்தியிருந்தார். வாலைத் தூக்கி நிற்கும் கோணல் அதில் இல்லை. வெற்று வண்டியாகவே மட்டமாக, தரையோடு தரையாகப் பதுங்கிய ஒரு கம்பீரத்தோடு நின்றது. தெருப்பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். எனக்கும் அது அழகாகவே தெரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வண்டியைத் தாழ்த்தும் ஆசையை இளைஞர்களின் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதன் வரலாறு அவ்வளவு எளிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில், மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, மெதுவாக நகர்வலம் வந்தார்கள். வேகத்தைக் கொண்டாடிய ஒரு நாட்டில் மெதுவாகப் போவதே அவர்கள் தங்களைக் காட்டிக்கொண்ட முறை. 1958இல் அந்த மாநிலம், வண்டியின் எந்தப் பகுதியும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தம் காரில் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தினார். காவலர் தென்பட்டால் வண்டி உயரும், அவர் போனதும் தாழும். அந்த நகர்வலத் தடைகள் மாநில அளவில் நீங்கியது 2024 ஜனவரி 1 முதல்தான். உயரத்தைக் குறைப்பதும்கூட, ‘இந்தச் சாலையில் நானும் இருக்கிறேன்’ என்று சொல்லும் வழியாக இருந்திருக்கிறது.

பிக்கப்புகளைத் தாழ்த்துவது அங்கே தனிக்கலையாகவே வளர்ந்தது. முன்சக்கரத்தின் சுழலச்சு பொருந்தும் இடத்தை மேலேற்றிய உறுப்பை மாட்டினால், வில்லின் நீளம் மாறாமலே முன்புறம் இறங்கும். பின்புறத்தில் பெரும்பாலான பிக்கப்புகளுக்குப் பட்டைகள் அச்சின் மேலே அமர்ந்திருக்கும். அச்சைப் பட்டைக்கு மேலே மாற்றிவைத்தால் ஒரே வீச்சில் ஐந்தாறு அங்குலம் குறையும். அப்படிச் செய்யும்போது அச்சு சேசிஸில் முட்டாதிருக்க, சேசிஸையே அரைவட்டமாக வெட்டி, வலுக்கூட்டும் தகட்டைப் பொருத்துவார்கள். இவ்வளவும் செய்தபின் அந்த வண்டி பெரும்பாலும் சுமை ஏற்றாது. கண்காட்சிக்கும் மாலை உலாவுக்கும் அது போதும்.

சித்தப்பாவின் வண்டியில் நடந்திருந்தது இதைவிடச் சிறியது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து பட்டைகளில் ஒன்றை உருவியிருந்தார்கள். பட்டையின் பின்முனைக் கண்ணைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற தொங்குபட்டையைக் குட்டையாக்கியிருந்தார்கள். ஷேக்கிள் பட்டையின் ஒரு முனையில் மட்டுமே இருப்பதால், அதில் இரண்டு அங்குலம் குறைத்தால் அச்சிருக்கும் நடுவில் ஓர் அங்குலமே குறையும். மீதியைப் பட்டையை உருவியதில் எடுத்திருந்தார்கள். ஷாக் அப்சார்பர்கள் குட்டையானவை. அச்சு சேசிஸில் மோதாமல் தாங்கும் ரப்பர் முட்டு பாதியாக அறுக்கப்பட்டிருந்தது. மொத்தத்தில் பின்புறம் ஏறத்தாழ மூன்று அங்குலம் இறங்கியிருந்தது.

அந்த மூன்று அங்குலம் சித்தப்பாவுக்குப் பிடித்துப்போனது. அழகைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கிய வலது தோள் அவருக்கு மேலே எழாது. முதல் வாரத்திலேயே அவர் சொன்னார்: “மக்களே, இந்த வண்டி எனக்காகவே தாழ்ந்து நிக்குது பாத்துக்கோ. கடைசி ஒரு சாண் ஏத்துறதுலதான் உயிரே போகும். இப்ப அந்த ஒரு சாண் இல்ல.”

இறக்குமிடத்தில் கதை வேறு. சாலைக் கடைத்தெருவில் சுமை இறக்கும் தொழிலாளர்கள் மூட்டையைத் தரைக்கு இறக்குவதில்லை. தட்டிலிருந்து நேரே தலைக்கு மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு வண்டித் தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. சித்தப்பாவோடு ஆண்டுக்கணக்கில் பழகிய ஒரு மூத்த தொழிலாளி, வண்டியின் பின்கதவைத் திறந்ததும் தம் இடுப்பில் கைவைத்து, “உங்கள் தோளுக்கு இறங்கிய உயரம் என் இடுப்புக்கு ஏறிவிட்டதே” என்ற பொருளில் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். சிரிப்புதான், ஆனால் அவர் சொன்னது பிழையற்ற கணக்கு. ஒரே தட்டு, ஒரே மூட்டை, இரண்டு உடல்கள். ஒன்றுக்கு இதமானது மற்றொன்றுக்கு வலியானது.

வண்டியின் உண்மையான குணம் தெரிந்தது ஆடி மாத மழையில். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பள்ளிச்சலுக்கு அருகில் ஓர் ஆட்டோ குறுக்கே வர, சித்தப்பா பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரங்கள் உடனே இறுகிப் பிடித்துக்கொள்ள, வண்டி வாலை வீசியது. யார்மீதும் மோதவில்லை; சாலையோரக் கம்பத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து முடித்த அவர் மகன், என் தம்பி, மறுநாள் காலையில் வண்டிக்கடியில் படுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

பல பிக்கப்புகளில், பின்பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு கம்பி அச்சுக்குப் போகும். சுமை ஏறி சேசிஸ் இறங்கும்போது, அச்சுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி குறையும்; கம்பி அந்தச் செய்தியை வால்வுக்குச் சொல்லும்; வால்வு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். வெற்று வண்டியில் பின்சக்கரங்கள்மேல் எடை குறைவு, ஆகவே அழுத்தமும் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த வால்வுக்கு எடை தெரியாது. இடைவெளி மட்டுமே தெரியும். சுமையால் இறங்கினாலும் ஷேக்கிளைக் குட்டையாக்கி இறக்கினாலும் அதற்கு ஒன்றுதான். தாழ்த்திய வெற்று வண்டி, ‘என்மேல் சுமை இருக்கிறது’ என்று ஓயாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வால்வு அதை நம்பியது. ஈரச்சாலையில், எடையில்லாத சக்கரங்களுக்கு முழுச்சுமையின் பிரேக் கிடைத்தது.

“கம்பிய மாத்தி அமைச்சா சரியாயிடும் அக்கா,” என்றான் தம்பி. “ஆனா சுமை ஏறும்போது என்ன ஆகும்னு யோசி.” ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். வெற்று வண்டியில் அச்சுக்கும் ரப்பர் முட்டுக்கும் இடையே 10 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுச்சுமை அதில் 6 செ.மீ.ஐ எடுத்துக்கொண்டால், மீதி 4 செ.மீ. சாலைக் குழிகளுக்கு. இப்போது வண்டியை 7.5 செ.மீ. தாழ்த்தினால், தொடக்கத்திலேயே 2.5 செ.மீ. மட்டுமே மிச்சம். பாதிச்சுமை ஏறும் முன்பே அச்சு முட்டில் உட்கார்ந்துவிடும். அதன்பின் அங்கே வில் இல்லை, இரும்பும் இரும்பும்தான். ஒவ்வொரு குழியின் அடியும் நேரே சேசிஸுக்கும் பட்டையின் கண்ணுக்கும் போகும். முட்டை அறுத்ததில் சிறிது இடம் கிடைத்திருந்தது உண்மை. அது மோதலை மென்மையாக்கும் ரப்பரிடமிருந்து பறித்த இடம். பட்டையை உருவியதால் வில்லின் வலுவும் குறைந்து, அதே எடைக்கு வண்டி முன்னைவிட அதிகமாக இறங்கியது. பூ மூட்டைகள் பெருத்தாலும் கனம் குறைவு. அதனால் சில மாதங்கள் ஓடிவிட்டது. ஓணக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காயும் வாழைத்தாரும் சேர்ந்து வண்டி முழுச்சுமை காணும் காலம் அது.

சட்டமும் காத்திருந்தது. சரக்கு வண்டி எட்டு வயதைக் கடந்துவிட்டால் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்த மாதம் நெருங்கியிருந்தது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகப் பொருள்கொண்டு, மாநில விதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், உதிரிகளைப் பொருத்திச் செய்யும் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டத்தையோ ஆறு மாதம் வரை சிறையையோ, இரண்டையும் சேர்த்தோ விதித்தது. உடற்குறை உள்ளவர்களுக்காக வண்டியைத் தகவமைக்க அச்சட்டம் தனியே வழிவிட்டிருக்கிறது. ஆனால் மூட்டை தூக்கித் தேய்ந்த தோள் எந்தச் சான்றிதழிலும் இடம்பெறுவதில்லை.

ஆக, வண்டியை மீண்டும் உயர்த்துவது என்று முடிவாயிற்று. தாழ்த்தும் தொகுதியைப் பொருத்துவதும் அதைக் கழற்றுவதும் ஒரே வேலைதான், திசை மட்டும் வேறு. வீட்டு முற்றத்தில் ஒரு சனியும் ஞாயிறும் அதற்குச் செலவாயின. உற்பத்தியாளரின் அசல் உதிரிகளைத் தம்பி வாங்கிவந்திருந்தான். எனக்குக் கிடைத்த பதவி, கேட்ட ஸ்பேனரை எடுத்துக்கொடுப்பதும் அளவுகளைக் குறித்துவைப்பதும்.

முதலில் அளவு. சக்கரத்தின் நடுவிலிருந்து தட்டின் விளிம்புவரை, நான்கு சக்கரங்களுக்கும். வண்டியைத் தொடும் முன் அளந்து வைக்காதவனுக்கு, வேலை முடிந்தபின் எதைச் சாதித்தோம் என்பதே தெரியாது என்றான் தம்பி. ஆய்வு மாணவர்கள் சுவரில் எழுதிவைக்க வேண்டிய வாக்கியம் அது. பிறகு முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அன்று. அதை நம்பி அடியில் படுப்பவன் திரும்பி வராமல் போகலாம். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கித் தாங்க வைப்பதும் கூடாது. ஓரத்தில் எடை குவிந்தால் அது எச்சரிக்கையின்றி நொறுங்கும்.

அச்சை இன்னொரு ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஷாக் அப்சார்பர்களைக் கழற்றினோம். பட்டைக் கட்டையும் அச்சையும் பிணைத்திருக்கும் யூ போல்ட்டுகள் துருவில் ஊறி, இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டிருந்தும் முனகிக்கொண்டுதான் அவிழ்ந்தன. பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் நடுபோல்ட்டை அவிழ்க்கும்போது, கட்டை முதலில் கவ்வியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைந்த பட்டைகளுக்குள் அடங்கிக் கிடக்கும் விசை, போல்ட் விடுபட்ட கணத்தில் பாய்ந்து விரலை முறிக்கக்கூடியது. விடுபட்டிருந்த பட்டையைச் சேர்த்து, இடையிடையே கிராஃபைட் மசகு தடவி, புது நடுபோல்ட்டில் கோத்தோம். நடுபோல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர்ந்தால்தான் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே நேரில் நிற்கும். அமராவிட்டால் வண்டி நண்டைப்போல் ஒருச்சாய்ந்து போகும். யூ போல்ட்டுகளும் புதியவையே. ஒருமுறை நீண்டு இறுகிய போல்ட்டை மீண்டும் நம்பக்கூடாது.

ஷேக்கிளின் போல்ட்டுகளை மட்டும் தம்பி இறுக்காமல் விட்டான். சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரைக்கு இறக்கி, அதன் எடை பட்டைகள்மேல் முழுதாக அமர்ந்தபின்னரே டார்க் ரெஞ்சை எடுத்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், உள்ளிருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையையே தன் இயல்பென்று பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சுமையைத் தாங்கியபடி இருக்கும் நிலையே அதன் இயல்பு நிலையாக வேண்டும். பிரேக் வால்வின் கம்பியைக் குறித்த அளவுக்கு அமைத்து, முகப்பு விளக்கின் சாய்வைச் சுவரில் பார்த்துத் திருத்தினோம். பின்புறம் தாழ்ந்திருந்தபோது மூக்கு நிமிர்ந்து, எதிரில் வருபவர் கண்ணில் ஒளி அடித்துக்கொண்டிருந்தது. உயர்ந்ததும் அது சாலைக்கு இறங்கியது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினான். வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு, பழைய கோணலோடு நின்றது.

வேலைக்கிடையில் கழற்றிய பட்டை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மொழியில் இதற்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. இரும்புப் பட்டைகள் வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றோம், மலையாளத்தில் வில்லுவண்டி. செல்வரும் நிலக்கிழாரும் ஏறிப்போன வண்டி அது. நேமத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒரு வில்லுவண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டி, ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கவே தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். அவரைத் தாக்கியவர்களின் கோபம் வண்டிமேல் மட்டும் அன்று. அந்த வில்லின்மேல், அந்த உயரத்தில், அவர் அமர்ந்திருந்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இன்று அவர் சிலை வெள்ளையம்பலத்தில் நிற்கிறது. கலிபோர்னியாவில் தாழ்ந்து சென்றவர்களும் வெங்ஙானூரிலிருந்து உயர்ந்து சென்றவரும் கேட்டது ஒன்றையே. சாலையின்மேல் ஒரு மனிதர் எந்த உயரத்தில் இருக்கலாம் என்பதைப் பிறர் முடிவு செய்யலாகாது.

அந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு சித்தப்பாவின் தோளைப் பார்த்தபோது எனக்கு நிறைவு வரவில்லை. வண்டி சரியாகிவிட்டது, சட்டம் நிறைவேறிவிட்டது, பிரேக் உண்மை பேசுகிறது. ஆனால் அந்த மூன்று அங்குலத்தின் விலையை மீண்டும் அவரே கொடுக்க வேண்டும். ‘பாதுகாப்புக்காக’ என்று நாம் சொல்லும் பல தீர்வுகள் இப்படித்தான் முடிகின்றன: எந்திரத்தைக் காப்பாற்றி, சுமையை மனிதர்மேல் திருப்பி வைத்துவிடுகின்றன.

எனவே இன்னொரு கணக்கும் போட்டோம். கையால் சுமை தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு சூத்திரம் வகுத்திருக்கிறது. எல்லாம் உகந்ததாக இருக்கும் நிலையில் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று தொடங்கி, சாதகமற்ற ஒவ்வொன்றுக்கும் அது குறைத்துக்கொண்டே போகும். அதன்படி சுமையைப் பிடிக்கச் சிறந்த உயரம் தரையிலிருந்து 75 செ.மீ.; நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி இருக்கும் உயரம். தரையிலிருந்து 90 செ.மீ. உயரமுள்ள எங்கள் வண்டித் தட்டுக்குத் தூக்கினால், மற்றவை யாவும் உகந்தவையாகவே இருந்தாலும், பரிந்துரை 15.5 கிலோ. தட்டு 82.5 செ.மீ.க்குத் தாழ்ந்திருந்தபோது 15.6 கிலோ. மூன்று அங்குலம் தாழ்த்தியதன் பயன் ஏறத்தாழ 80 கிராம்! மூட்டையைத் தரையிலிருந்து எடுக்காமல் 75 செ.மீ. உயரத்தில் இருந்து எடுத்தால், அதே 90 செ.மீ. தட்டுக்குப் பரிந்துரை 23 கிலோவாக உயர்கிறது.

தேய்ந்த தோளின் வலி சூத்திரத்துக்குத் தெரியாது. கடைசி ஒரு சாணைப் பற்றி சித்தப்பா சொன்னது அவர் உடலின் உண்மை. நம் சந்தை மூட்டைகள் இந்த எண்களைக் கேட்டால் சிரிக்கும் என்பதும் தெரியும். ஒருவர் தூக்கும் எடைக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்த உச்சவரம்பே 55 கிலோ. இருந்தாலும் கணக்கு காட்டும் திசை தெளிவானது. நாம் தட்டின் உயரத்தோடு போராடிக்கொண்டிருந்தோம். முதுகை முறிப்பது தரை. தலையில் சுமந்து வருபவர் மூட்டையைத் தரையில் போடுகிறார். அதை இன்னொருவர் தரையிலிருந்து மறுபடி எடுக்கிறார். ஒருமுறை உயர்த்திய சுமையை இறக்கி, மீண்டும் உயர்த்தும் அந்த வீண்வேலைதான் உடலைத் தின்கிறது.

என் ஆய்வுப் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு பலகைக் கல்லை வைத்தால் சுமைதாங்கி. மலையாளத்தில் சுமடுதாங்கி, அத்தாணி. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கேணியோடும் ஆவுரஞ்சிக் கல்லோடும் சேர்ந்து நிற்கும். அதன் உயரம் நிற்கும் மனிதரின் தோளுக்கும் தலைக்கும் இடைப்பட்டது. தனியே வரும் ஒருவர், குனியாமலும் துணை கேட்காமலும் தலைச்சுமையை அதன்மேல் தள்ளிவைத்து, இளைப்பாறி, மறுபடி அதேபோல் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவும் வழக்கம் பரவலாக இருந்தது. இறக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், வழிப்போக்கரின் சுமை இறங்கட்டும் என்ற எண்ணம். கல்லின் உருவத்தையும் சடங்கையும் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அந்த உயரம் எவ்வளவு துல்லியமான உழைப்பறிவு என்பது ஒரு பிக்கப்பின் அடியில் உட்கார்ந்தபின்தான் உறைத்தது.

அந்த அறிவின் மையம் இது: உயரத்தைச் சரிசெய்யும் பொறுப்பை அவர்கள் வழியில் வைத்தார்கள். சுமப்பவர் தம் உடலைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை, வண்டிக்காரர் தம் வில்லை உருவ வேண்டியதில்லை. ஊர் ஒன்றுகூடி ஒரு கல்லை நட்டது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தினார்கள். தாழ்த்தும் உதிரித் தொகுதி தனி ஒருவரின் தீர்வு. அது ஒரு தோளுக்கு உதவி, ஓர் இடுப்பை வருத்தி, ஒரு பிரேக்கைப் பொய் பேச வைக்கும். சந்தையில் ஒரு மேடை இருந்தால் ஏற்றுபவர், இறக்குபவர், ஓட்டுபவர் மூவருக்கும் அது போதும்.

தம்பி கோண இரும்பில் மடக்கக்கூடிய ஒரு மேசையைப் பற்றவைத்தான். 75 செ.மீ. உயரம், மேலே தடித்த பலகை. தட்டின் ஓரத்தில் மடங்கிக் கிடக்கும். ஏற்றுமிடத்தில் விரித்து வைத்துவிடுவார் சித்தப்பா. பூ மூட்டையைச் சுமந்து வருபவர்கள் முதல் நாள் அதை விசித்திரமாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கேட்காமலே அதன்மேல் இறக்கத் தொடங்கினார்கள். மேசையிலிருந்து தட்டுக்கு மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை. சாய்த்துத் தள்ளினால் போதும். இப்போது பக்கத்து வண்டிக்காரர்கள் இருவரும் அதையே பயன்படுத்துகிறார்கள். “இதுக்கு வாடகை வாங்கணும் மக்களே” என்கிறார் சித்தப்பா. இதுவரை வாங்கியதில்லை. தோள் குணமாகவில்லை, ஆனால் மாலையில் தலைக்குமேல் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடிகிறது. சாலைக் கடைத்தெருவின் மூத்த தொழிலாளியும் தட்டு பழைய உயரத்துக்கு வந்ததில் மகிழ்ச்சி என்றார்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் வண்டி முழுச்சுமையோடு வந்தது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தராசுமுள்ளைப் போல மட்டமாக நின்றது.

ஒரு மடக்கு மேசை ஒரு வண்டிக்கான விடைதான். நம் பூச்சந்தைகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் கடைகளுக்குக் கூரை போடுகிறோம், நுழைவாயிலுக்கு வளைவு கட்டுகிறோம். சுமை ஏற்றி இறக்க, இடுப்புயரத்தில் ஒரு நீண்ட திண்ணை கட்ட வேண்டும் என்று திட்டம் போடுபவர்களுக்குத் தோன்றுவதில்லை. செலவு மிகக் குறைவு. தனியே நடந்தவருக்காகக் கல் நட்ட ஊர்கள் நம்முடையவை. இதைப் படிப்பவர்களில் யாரேனும் சந்தைக் குழுவிலோ, ஊராட்சியிலோ, நகராட்சியிலோ பொறுப்பில் இருந்தால், அடுத்த மதிப்பீட்டில் அந்தத் திண்ணையைச் சேருங்கள். அதைக் கட்டும் முன், ஏற்றுபவர் ஒருவரையும் இறக்குபவர் ஒருவரையும் அருகில் நிறுத்தி, அவர்கள் உடலை அளந்து உயரத்தை முடிவுசெய்யுங்கள்.